வயிற்றுக் கல்

எண்ணிப் பார்க்கிற பழக்கம் மட்டும் இல்லாமல் போயிருந்தால் அன்றைக்கு அவளுக்கு அந்தப் பயம் வந்திருக்காது. அதற்குப் பதிலாக மறுநாள் காலையில் வேறொன்று வந்திருக்கும். 

அந்த மழலையர் பள்ளியில் அவளுக்கு டைனோசர் மிஸ் என்று பேர். வருகைப் பதிவேட்டில் வேறு பேர்தான், ஆனால் வாசலில் நிற்கும் வாட்ச்மேன் வரைக்கும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். பேர் வைத்தது நாலு வயது வகுப்பின் ஒன்பது வாண்டுகள். சொந்த வீட்டு முகவரியைக் கேட்டால் திருதிருவென்று விழிக்கிற பிள்ளைகூட, பெரியவர்களுக்கே வாயில் நுழையாத டைனோசர் பேரை ஒரே மூச்சில் சொல்லும். அதில் அவளுக்குக் கொள்ளைப் பெருமை. உழைப்பும் அப்படித்தான். வெள்ளைப் பிளாஸ்டர் மாவில் காபித்தூளைக் கலந்து, விலா எலும்பு, முதுகெலும்பு, பல், நகம் என்று ஒவ்வொன்றாக அச்சில் வார்த்துக் காயவைத்து, வியாழக்கிழமை காலையில் பிள்ளைகள் வருவதற்கு முன்னால் மணல் மேஜையில் புதைத்துவிடுவாள். பிள்ளைகள் ஆளுக்கொரு பழைய பெயிண்ட் பிரஷ்ஷை வைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்தபடி மணலைத் தள்ளித் தள்ளித் தேடுவார்கள். கிடைத்ததைக் கறுப்புத் துணியில் பரப்பி, எது தலை எது வால் என்று அடித்துக்கொள்வார்கள். அந்தச் சண்டைதான் பாடம் என்பாள் அவள்.

வகுப்பு முடிந்ததும் எண்ணுவாள். எலும்புகள் நாற்பத்திரண்டு, கூழாங்கற்கள் இருபது, டைனோசர் முட்டைகள் ஐந்து. பெட்டி மூடியின் உட்புறத்தில் பட்டியல் ஒட்டியிருந்தது. நகைக்கடையில்கூட இப்படி எண்ண மாட்டார்கள் என்று ஆயா அக்கா கிண்டல் செய்வாள். செய்யட்டும். நாலு வயதுப் பிள்ளைகளோடு புழங்குகிறவளுக்கு, காணாமல் போன துண்டு எங்கே போயிருக்கும் என்று தெரியாதா? பாதி மூக்குக்குள் போகும், மீதி வாய்க்குள் போகும்.

அன்று பிள்ளைகள் படம் வரைந்துகொண்டிருந்தார்கள். மணி பதினொன்று பத்து. எலும்புகள் நாற்பத்திரண்டும் சரி. கூழாங்கல் பத்தொன்பது. மேஜைக்கு அடியில் உருண்டிருக்கும் என்று விட்டுவிட்டாள். முட்டை, அன்று புதிதாகச் சேர்த்ததோடு ஆறும் சரி. ஆனால் ஆறாவது முட்டையைக் கையில் எடுத்தபோது அது எரியவில்லை.

அந்த ஒரு முட்டை பிளாஸ்டர் இல்லை. குலுக்கினால் உள்ளே விளக்கு எரிகிற பிளாஸ்டிக் முட்டை. உயிருள்ள முட்டை ஒன்று கிடைத்தால் பிள்ளைகள் குதிப்பார்களே என்று ஆசைப்பட்டு, தன் வீட்டு அலமாரியில் கிடந்த விளையாட்டுச் சாமானை அன்றுதான் முதல்முதலாக எடுத்து வந்திருந்தாள். அடியில் இருந்த மூடிக்குத் திருகாணி இல்லை. காலையில் அவசரத்தில் செலோடேப் போட்டு ஒட்டினாள். இப்போது அவள் அதைத் திருப்பிப் பார்த்தாள். டேப் ஒரு பக்கமாகத் தொங்கியது. மூடி பாதி திறந்திருந்தது. உள்ளே கோட்டுப் பொத்தான் அளவுக்கு ஒரு வட்டமான குழி, அவ்வளவுதான். பேட்டரி இல்லை.

 மற்றவர்களுக்கு அது ஒரு பேட்டரி. அவளுக்கு அப்படி இல்லை, ஏனென்றால் அவள் பார்த்திருந்தாள். போன வருடம் பள்ளிக்கு வந்து முதலுதவிப் பயிற்சி கொடுத்த நர்ஸ், ஒரு துண்டு இறைச்சியின் மேல் இப்படி ஒரு பொத்தான் பேட்டரியை வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தார். இரண்டு மணி நேரம் கழித்து எடுத்துக் காட்டினார். இறைச்சி கறுத்துப்போய், நடுவில் குழி விழுந்து, ஓரமெல்லாம் நுரைத்திருந்தது. பிள்ளையின் உணவுக்குழாயில் சிக்கினாலும் இதுதான் நடக்கும், வலியே தெரியாமல்கூட நடக்கும் என்று அவர் சொன்னதைக் கேட்டு மதியச் சாப்பாடு யாருக்கும் இறங்கவில்லை.

பிள்ளைகள் மணலில் இறங்கியது பத்தரைக்கு. விரலை மடக்கிக் கணக்குப் போட்டாள். கணக்கு வரவில்லை, மறுபடி போட்டாள். இரண்டு மணி நேரம் முடிவது பன்னிரண்டரைக்கு.

ஆயா அக்காவைக் கூப்பிட்டு, பிள்ளைகளுக்குத் தெரியாமல் மணல் மேஜையைப் பின்கட்டுக்கு நகர்த்தி, இரண்டு பேருமாகச் சல்லடையில் சலித்தார்கள். சல்லடையில் தங்கியது ஒரு கிளிப், இரண்டு பாசிமணி, யாரோ எப்போதோ தொலைத்த ஒரு பால்பல். பேட்டரி வரவில்லை. ஆயா அக்கா பிள்ளைகளின் சட்டைப் பைகளையும் காலணிகளையும் விளையாட்டுப்போல உதறிப் பார்த்தாள். குப்பைத் தொட்டியைக் கவிழ்த்தாள். 

பதினொன்றரைக்குப் பெரிய மிஸ்ஸின் அறைக்குப் போய்ச் சொன்னாள். பெரிய மிஸ் என்பது தலைமை ஆசிரியை. பதற்றப்படாத மனுஷி என்று ஊரெல்லாம் பேர் வாங்கியவர். அன்றும் பதற்றப்படவில்லை, அதுதான் கோளாறாகிவிட்டது. முதலில் நன்றாகத் தேடுங்கள், பிறகு பிள்ளைகளிடம் பயமுறுத்தாமல் விசாரியுங்கள் என்றார். ஒன்பது வீட்டுக்கும் போன் போட்டுவிட்டு, கடைசியில் பேட்டரி அலமாரிக்குப் பின்னால் கிடந்தால் நாளை முதல் பிள்ளைகள் வேறு பள்ளிக்குப் போய்விடுவார்கள் என்றார். அவர் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது. மீதிப் பாதிக்குள் ஒரு பிள்ளையின் தொண்டை இருந்தது. அவளுக்கு அது தெரியும். தெரிந்தும் சரி என்று தலையாட்டினாள், ஏனென்றால் திருகாணி இல்லாத முட்டையைக் கொண்டுவந்தது அவள்.

வகுப்புக்குத் திரும்பிப் பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்தாள். முகத்தில் பயம் தெரிந்தால் நாலு வயது வாய் பூட்டிக்கொள்ளும். அதனால் சிரித்தாள்.  நம்ம நீளக்கழுத்து டைனோசர் மாதிரி இன்றைக்கு யாரெல்லாம் எதையாவது விழுங்கினீர்கள், திட்டவே மாட்டேன், கை தூக்குங்கள் என்றாள்.

எட்டுக் கைகள் உயர்ந்தன. ஒரு பையன் இரண்டு கையையும் தூக்கினான்.

"நான் மூணு கல்லு முழுங்கினேன் மிஸ்."

"நான் பத்து!"

"நான் நூறு மிஸ். பாறை கூட முழுங்கினேன்."

 ஏன் எல்லோரும் கை தூக்குகிறார்கள் என்று யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை. காலை பத்தரை மணிக்கு மணல் மேஜைக்கு முன்னால் நின்று அவளே காட்டிய வித்தை அது. சில டைனோசர்கள் கல்லை விழுங்கும், வயிற்றுக்குள் அந்தக் கல் இலைதழையை அரைத்துக் கொடுக்கும் என்று புத்தகத்தில் படித்திருந்தாள். எலும்புகளுக்கு நடுவே வழவழவென்று கல் கிடைத்தால் அது வயிற்றுக் கல்லாக இருக்கலாம் என்று சொல்லிக் கூழாங்கற்களையும் புதைத்து வைத்திருந்தாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். கழுத்தை நீட்டி, தொம் தொம்மென்று நடந்து, ஒரு கூழாங்கல்லை எடுத்து வாயருகே கொண்டுபோய், லபக்கென்று விழுங்குவதுபோல விழுங்கி, வயிற்றைத் தட்டிக் காட்டினாள். கல் உள்ளங்கையில்தான் இருந்தது. பிள்ளைகள் கைதட்டிய தட்டலில் பக்கத்து வகுப்பு மிஸ் எட்டிப் பார்த்தாள். இன்னொரு தடவை மிஸ், இன்னொரு தடவை என்றார்கள். இன்னொரு தடவையும் விழுங்கினாள்.

கை தூக்காமல் இருந்தது ஒரே ஒரு பிள்ளை. போலீஸ். தையல்கடைக்காரியின் மகள். அவன் தண்ணீரைக் கொட்டினான், இவள் செருப்பைப் போட்டுக்கொண்டு உள்ளே வந்தாள் என்று நாள் முழுக்க வகுப்பைக் காவல் காப்பவள் என்பதால் அந்தப் பேர். அவள் கண்ணுக்குத் தப்பி அந்த அறையில் ஒரு பென்சில்கூட உருளாது. டைனோசர் மிஸ்ஸுக்கு அவளைப் பார்த்ததும் போன உயிர் திரும்பி வந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்து, யாராவது நிஜமாகவே எதையாவது வாயில் போட்டார்களா என்று மெல்லக் கேட்டாள்.

"யாரும் போடல மிஸ். இவங்கல்லாம் பொய் சொல்றாங்க."

சொல்லிவிட்டுப் போலீஸ் தன் படத்துக்குப் பச்சை அடிக்கப் போய்விட்டாள். அப்பாடா என்று இருந்தது அவளுக்கு. ஒன்பது பேரில் ஒருத்தி சாட்சி சொல்லிவிட்டாள், அதுவும் பொய்யே சொல்லாதவள். நம்ப ஆசைப்பட்டதால் நம்பினாள்.

அந்த நிம்மதி கால் மணி நேரம்கூடத் தாங்கவில்லை. பால் குடிக்கும் நேரத்தில் பொட்டலம் டம்ளரைத் தள்ளி வைத்தான். குளிருக்கும் வெயிலுக்கும் ஒரே மாதிரி அம்மா சுற்றி அனுப்பும் துணிகளுக்குள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருப்பான், அதனால் பொட்டலம். தன் பாலைக் குடித்துவிட்டு அடுத்தவன் பாலையும் பார்க்கிற பையன் அவன். இன்று வேண்டாம் என்றான். வயிற்றைத் தொட்டுக் காட்டினான்.

"உள்ள இருக்கு மிஸ்."

அவள் பெரிய மிஸ்ஸின் அறைக்கு ஓடினாள். பெரிய மிஸ்ஸும் இந்தத் தடவை மறுக்கவில்லை, பொட்டலத்தின் அம்மாவுக்குப் போன் போட்டார். தெருமுனையில்தான் மருத்துவமனை. ஆட்டோவுக்குக் காத்திருக்காமல் பையனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் ஓடினாள். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அம்மா கடைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் எதிர்ப் பக்கமிருந்து ஓடி வந்தாள். பேட்டரி என்ற வார்த்தையைக் கேட்டதும் அந்த அம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. அவளுக்கும் அது என்ன செய்யும் என்று தெரியும்.

எக்ஸ்ரே எடுத்துப் படம் கணினித் திரையில் வந்தபோது மணி பன்னிரண்டு பத்து. டாக்டர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து, பையனின் அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். பேட்டரியாக இருந்தால் ஓரத்தில் வளையத்துக்குள் வளையமாகத் தெரியும், இது அது இல்லை, வயிற்றில் ஒரு சின்னக் கல் கிடக்கிறது, நாளையோ மறுநாளோ தானாக வெளியே வந்துவிடும் என்றார். அம்மா மகனை இறுக்கிக்கொண்டு ஓவென்று அழுதாள். பொட்டலம் டாக்டரிடம், அது இலையை அரைக்கும் என்று பொறுமையாக விளக்கினான்.

டைனோசர் மிஸ் திரையையே பார்த்தாள். பொட்டலம் பொய் சொல்லவில்லை. அப்படியானால் கை தூக்கிய மற்ற ஏழு பேரில் யார் பொய், யார் நிஜம்? கூழாங்கல் இங்கே இருக்கிறது. பேட்டரி?

டாக்டர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, இன்னும் எத்தனை பிள்ளைகள் அந்த மணலில் விளையாடினார்கள் என்று கேட்டார். எட்டு என்றாள். எட்டுப் பேரையும் இந்த நிமிடமே இங்கே கொண்டுவரச் சொன்னார். சொன்ன குரலில் கோபம் இல்லை. அதற்கு நேரம் இல்லை என்கிற குரல் அது.

பெரிய மிஸ்ஸுக்குப் போன் போட்டாள். வேன் வந்து நிற்கிறது, பிள்ளைகள் ஏறிக்கொண்டிருக்கிறார்கள், பையனுக்கு ஒன்றும் இல்லைதானே, மற்றதை நிதானமாகப் பேசிக்கொள்ளலாம் என்றார் பெரிய மிஸ். வேன் கிளம்பினால் எட்டுப் பிள்ளைகளும் எட்டுத் திசைக்குப் போய்விடும். ஒன்று தூங்கப் போகும், ஒன்று பூங்காவுக்குப் போகும், ஒன்று பக்கத்து வீட்டில் இருக்கும். யாருக்கும் எதுவும் தெரியாது. அவள் போனை வைத்தாள். வகுப்புப் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவைத் திறந்தாள். எழுதிக்கொண்டிருக்க நேரம் இல்லை. மைக்கை அழுத்திப் பேசினாள்.

"நான் டைனோசர் மிஸ் பேசறேன். இன்னிக்கு மணல் விளையாட்டுல நான் வச்ச பொம்மையிலேர்ந்து ஒரு பொத்தான் பேட்டரி காணாமப் போயிருக்கு. யாரோ ஒரு பிள்ளை முழுங்கியிருக்கலாம். டைனோசர் கல்லு முழுங்கும்னு நான்தான் முழுங்கற மாதிரி நடிச்சுக் காட்டினேன். தப்பு என்னோடது. தயவுசெஞ்சு பிள்ளையை உடனே தெருமுனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வாங்க. சாப்பிட எதுவும் குடுக்காதீங்க. ரெண்டு மணி நேரம் முடியப் போகுது."

அனுப்பிய பிறகுதான் பள்ளியில் தனக்கு இனி வேலை இல்லை என்பது உறைத்தது. அந்தப் பயம் இந்தப் பயத்துக்குப் பக்கத்தில் தூசு என்பதும் உறைத்தது. முதலிலேயே உறைத்திருந்தால் என்ன?

பத்து நிமிடத்தில் ஆஸ்பத்திரி வராந்தா அமளிதுமளிப்பட்டது. அந்தச் செய்தியைக் கேட்டதும் ஆயா அக்கா வேனுக்குக் குறுக்கே போய் நின்று மறித்து, ஏறின பிள்ளைகளை அப்படியே ஆஸ்பத்திரிக்கு ஓட்டச் சொல்லி, தானும் ஏறி வந்திருந்தாள். பின்னாலேயே பெற்றோர்கள் வந்தார்கள். ஒரு அப்பா ஹெல்மெட்டோடு, ஒரு அம்மா ஈரத் தலையோடு, இன்னொருத்தர் கையில் ஸ்பானரோடு. தையல்கடைக்காரி கழுத்தில் தொங்கிய அளவு நாடாவோடு வந்தாள். ஆளாளுக்கு டைனோசர் மிஸ்ஸைப் பிடித்துக்கொண்டார்கள். என்ன புத்தி இது, யார் இவளுக்கு வேலை கொடுத்தது, எங்கள் பிள்ளைக்கு ஏதாவது ஆனால் என்று சத்தம் போட்டார்கள்.  அவர்கள் சொல்லாததையும் அவளே தனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எக்ஸ்ரே அறை ஒன்றுதான். முதலில் யாரை அனுப்புவது என்று நர்ஸ் கேட்டாள். என் பிள்ளை, என் பிள்ளை என்று எல்லோரும் முன்னால் வந்தார்கள். வயிறு வலிக்கிறதா என்று கேட்டதற்கு மூன்று பிள்ளைகள் ஆமாம் என்றன, ஒன்று தனக்குப் பல் வலிக்கிறது என்றது. ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடம் என்றால், கடைசிப் பிள்ளைக்கு முறை வரும்போது மணி ஒன்றைத் தாண்டிவிடும். அவள் சுவரோரமாகக் கீழே உட்கார்ந்துவிட்டாள். முதல் பையன் உள்ளே போனான். ஒன்றுமில்லை என்று வெளியே வந்தான். இரண்டாவது பெண் போனாள். அவளுக்கும் ஒன்றுமில்லை.

யாரோ அவள் புடவையை இழுத்தார்கள். போலீஸ்.

கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். கைக்குட்டை நனைந்திருந்தது. பிள்ளை எச்சிலை விழுங்காமல் வெளியே விட்டுக்கொண்டிருக்கிறாள் என்பது அவளுக்கு அந்த நொடியில் படவில்லை. பிள்ளை குனிந்து, ரகசியமாகப் பேசினாள்.

"மிஸ், நீங்க முதல்ல போட்டோ எடுங்க. உங்க கல்லை எடுத்துட்டாங்கன்னா நான் போறேன்."

"உன்கிட்டயும் கல்லு இருக்கா கண்ணு?"

"கல்லு இல்ல. லைட்டு."

 பிள்ளையின் தோளைப் பிடித்தாள். மெல்லப் பிடிக்கத்தான் நினைத்தாள், முடியவில்லை.

"முட்டை என் கையில உடைஞ்சிடுச்சு மிஸ். நீங்க திரும்பினீங்க. வாயில வச்சேன். உள்ள போயிடுச்சு. நீங்க ரெண்டு தடவை முழுங்கினீங்க, உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே."

அடுத்தவர் குற்றத்தையெல்லாம் எழுதி வைப்பவள், தன் கையில் ஒரு முட்டை உடைந்ததும் பயந்துபோய் அதை எங்கே ஒளிக்கலாம் என்று பார்த்திருக்கிறாள். ஒளிக்கிற இடத்தைக் காட்டிக் கொடுத்தது மிஸ்தான்.

டைனோசர் மிஸ் பிள்ளையை வாரிக்கொண்டு எழுந்தாள். வரிசையை இடித்துத் தள்ளிக்கொண்டு எக்ஸ்ரே அறைக்குள் நுழைந்தாள். பின்னால் யாரோ கத்தினார்கள். தையல்கடைக்காரி அப்போதுதான் தன் மகள் யார் தோளில் இருக்கிறாள் என்று பார்த்தாள், பார்த்ததும் ஓடி வந்தாள். படம் வந்தது. நெஞ்சுக்கு மேலே, உணவுக்குழாய் ஆரம்பிக்கிற இடத்தில், வட்டமாக ஒரு வெள்ளை. அதன் ஓரத்தில் வளையத்துக்குள் வளையம். யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் ஓட்டமாக நடந்தது. மயக்கம் கொடுத்து, வாய் வழியாகக் குழாய் விட்டு எடுக்க வேண்டும் என்றார்கள். தையல்கடைக்காரி ஏதோ காகிதத்தில் கையெழுத்துப் போட்டாள். பெயரைத் தப்பாக எழுதி, அடித்து, மறுபடி எழுதினாள். தள்ளுகட்டிலில் படுக்கவைத்தபோது போலீஸ் டைனோசர் மிஸ்ஸின் விரலைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றாள். அம்மா கூப்பிட்டும் விடவில்லை. மிஸ் முதலில் என்று அழுதாள். நர்ஸ் டைனோசர் மிஸ்ஸைப் பார்த்தாள், ஏதாவது சொல்லி விடுவித்துக்கொள் என்பதுபோல. உன்னோடதை எடுத்ததும் என்னோடதை எடுப்பாங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பிள்ளை கட்டிலோடு போய்விடும். அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"நான் முழுங்கவே இல்லடா கண்ணு. கல்லு என் கையிலதான் இருந்தது. நான் பொய்யா காட்டினேன்."

போலீஸ் அழுகையை நிறுத்தினாள். அவளை உற்றுப் பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்குவதற்கு வெளியே நின்ற அத்தனை பெற்றோரின் வசவையும் இன்னொரு தடவை கேட்டுவிடலாம்.

"வலிக்குமா மிஸ்? இது பொய்யா, நிஜமா?"

"எடுக்கும்போது தூங்கிடுவ, வலிக்காது. முழிச்சதும் தொண்டை வலிக்கும். நிறைய நாள் வலிக்கும். இது நிஜம்."

 பிள்ளை அவள் விரலை விட்டுவிட்டு அம்மாவின் அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டாள். கட்டில் உள்ளே போனது. கதவு வரைக்கும்தான் அம்மாவை விட்டார்கள்.

ஐம்பது நிமிடம். அந்த ஐம்பது நிமிடத்தில் மற்ற ஏழு பிள்ளைகளும் வீடு போய்ச் சேர்ந்தார்கள். பெரிய மிஸ் வந்து, எதிர்ப் பக்கம் உட்கார்ந்து, கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தார். ஆயா அக்கா தேநீர் வாங்கி வந்தாள், யாரும் குடிக்கவில்லை. டைனோசர் மிஸ் கதவுக்கு மேலே எரிந்த சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.  நர்ஸ் வைத்துக் காட்டிய அந்த இறைச்சித் துண்டுதான் திரும்பத் திரும்பக் கண்ணுக்கு முன்னால் வந்தது, அதன் ஓரம் நுரைத்திருந்தது.

டாக்டர் வெளியே வந்தபோது அவர் முகத்தைப் பார்க்க அவளுக்குத் துணிச்சல் இல்லை. அவருடைய காலணிகளைப் பார்த்துக்கொண்டே அவர் சொன்னதைக் கேட்டாள். பேட்டரியை எடுத்தாகிவிட்டது. உள்ளே ஒரு பக்கம் வெந்திருக்கிறது, ஓட்டை விழவில்லை. கொஞ்ச நாள் இங்கேயே இருக்க வேண்டும், அதன் பிறகு நீராகாரம்தான், தழும்பு பிடித்துச் சுருங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அதற்கு மாதக்கணக்கில் வந்துபோக வேண்டும். பிழைத்துவிடுவாள். இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் இப்படிச் சொல்லியிருக்க மாட்டேன் என்று டாக்டர் சொன்னார். ஒரு மணி நேரம் முன்னால் வந்திருந்தால் இந்தப் புண்ணும் இவ்வளவு இருந்திருக்காது என்பதையும் அவர் மறைக்கவில்லை.

அவர் போன பிறகு தையல்கடைக்காரி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அடிக்கப் போகிறாள் என்று நினைத்தாள் அவள். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தாள். தையல்கடைக்காரி கையை மடியில் வைத்துக்கொண்டு, கதவைப் பார்த்தபடியே பேசினாள்.

"பேட்டரி காணோம்னு உங்களுக்கு எப்பத் தெரியும் மிஸ்?"

"பதினொண்ணு பத்துக்கு."

"எனக்கு நீங்க சொன்னது பன்னண்டு இருபதுக்கு."

"ஆமாங்க."

"நடுவுல என்ன பண்ணீங்க?"

தேடினோம், சலித்தோம், விசாரித்தோம், வேறொரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினோம், பெரிய மிஸ் பொறுக்கச் சொன்னார். எல்லாம் நிஜம்தான். எதிரே பெரிய மிஸ் நிமிர்ந்து பார்த்தார். அவற்றில் எதையும் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

"பயந்துட்டேங்க. என் வேலை போயிடும்னு பயந்துட்டேன்."

தையல்கடைக்காரி மெல்லத் தலையாட்டினாள்.  பிறகு கழுத்திலிருந்து அளவு நாடாவை எடுத்துச் சுருட்ட ஆரம்பித்தாள்.

"என் பொண்ணும் பயந்துதான் வாயைத் திறக்கலை மிஸ்," என்றாள். "அவளுக்கு வயசு நாலு."